குரூப்பில் போட்டால் முடிந்ததா?

யட்டியாந்தோட்டை உறவுகளுக்கும், எங்களிடம் பிள்ளைகளை அனுப்பும் தோட்டப்புறப் பெற்றோருக்கும், கூடவே வேலை செய்யும் சேர்மார் டீச்சர்மாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். டேட்டா குறைவானவர்கள் பயப்பட வேண்டாம், படம் ஒன்றும் போடவில்லை.

"குரூப்பில போட்டமே, பார்க்கல்லயா?"

இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடிய நாளில் வட்ஸ்அப் எங்கள் தொழிலுக்குள் வந்தது. பாடசாலைகள் திறந்தன, முகக்கவசம் போனது, கொரோனா பற்றிய பேச்சும் போனது. இந்த வசனம் மட்டும் போகவில்லை. மேலிடம் அதிபருக்குச் சொல்கிறது, அதிபர் ஆசிரியருக்குச் சொல்கிறார், ஆசிரியர் பெற்றோருக்குச் சொல்கிறார். கடைசியில் பெற்றோர் பிள்ளையைப் பார்த்து "நீ ஏன் சொல்லல்ல?" என்கிறார். ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆதாரம் இருக்கிறது: அனுப்பியதற்கான ஒரு சரி அடையாளம். யாருக்கு விளங்கியது, யார் கையில் போன் இல்லை, யாருக்கு அந்த மொழி தெரியாது என்று கேட்க ஆள் இல்லை.

நாங்கள் சொல்வது இதுதான். குரூப்பில் போடுவது அறிவிப்பதாகாது. முகம் பார்க்காமல் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது அனுப்பியவரின் கடமை. கிடைக்காதவரின் குற்றம் அல்ல. இன்று எல்லாம் தலைகீழாக நடக்கிறது. நடப்பதால் யாருக்கு நட்டம் என்றால், அந்தச் சங்கிலியின் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு. அதுவும் மேல் டிவிசனில் இருக்கும் பிள்ளைக்கு.

எங்கள் ஊருக்கு இது புது ஏமாற்று அல்ல. பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத்தில் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. ஒரே பெயரில் நாலு ராமசாமி இருப்பார்கள், தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். தபால் வந்தால் தோட்ட ஆபிஸுக்கு வரும், அங்கே மேசையில் கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டு வருவார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை மலையகத்தில் எந்த லயத்தில் கேட்டாலும் சொல்வார்கள். தபால் திணைக்களத்தின் கணக்கில் அந்தக் கடிதம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஆபிஸின் கணக்கில் அது வந்துவிட்டது. கடிதத்துக்கு உரியவனின் கணக்கில்தான் அது வரவே இல்லை. விலாசம் வேண்டும் என்று எத்தனை வருடம் கேட்டோம்! இப்போது அதே ஆபிஸ் மேசையை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறோம். அதன் பெயர் வட்ஸ்அப் குரூப்.

பழைய தோட்ட நிர்வாகத்தைப் புகழ எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பெரட்டுக் களத்தில் ஒரு விடயம் ஒழுங்காக இருந்தது. விடியற்காலையில் ஆளை முன்னால் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். பெயருக்கு உரியவர் பதில் சொன்னார். யாருக்கு எந்த மலை என்று அவர் காதில் விழச் சொன்னார்கள். வராதவர் யார் என்பது சொல்பவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. 200 பேர் உள்ள இன்றைய குரூப்பில் செய்தி போடும் ஒருவரிடம் "எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார். இவ்வளவுக்கும் நாம் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து விவரத்தைத் தொட்டால் யார் வாசித்தார், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர் பெயராகக் காட்டும். கணக்கப்பிள்ளையின் செக்ரோல் போல் அதுவும் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கிறவர் எத்தனை பேர்?

கொரோனா காலத்தில் நடந்ததை மறக்க வேண்டாம். 2021இல் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் வெளிப்படையாகச் சொன்னார்: நாட்டில் 43 இலட்சம் மாணவர்களில் 40 வீதமானோருக்கு மட்டுமே ஒன்லைன் வகுப்பில் சேர முடிகிறது என்பது சங்கத்தின் மதிப்பீடு. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறியதையும், மரத்தில் ஏறிப் பாடம் படித்ததையும் உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன. நாம் அந்தப் படத்தைப் பார்த்து "அல்லாஹ்வே, பாவம்" என்று பகிர்ந்தோம். எங்கள் மேல் டிவிசன்களில் அது வருடக்கணக்காக நடக்கிற காரியம், படம் பிடிக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் கிழமையில் சில நாள் மட்டும் பாடசாலை, மீதி நாள் வீட்டிலிருந்தே என்றார்கள். ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த வருடம் அது. போனுக்கு சார்ஜே இல்லை, பாடம் எங்கே ஏறும்?

அந்த 40 வீதத்துக்காகச் செய்த ஏற்பாட்டைத்தான் இன்று 100 வீதமானவர்களுக்கான நிர்வாக முறையாக வைத்திருக்கிறோம். அவசரத்துக்குக் கட்டிய பாலத்தில் லொறி ஓட்டுவது மாதிரி.

இப்போது நடப்பைச் சொல்கிறோம். பாடசாலையின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். யாரையும் அவமானப்படுத்த இதை எழுதவில்லை.

ஒரு பிள்ளை, தரம் 8. தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சுக்கு மூன்று கிழமை மனப்பாடம் செய்திருந்தாள். அம்மா பால் வெட்டுக்குப் போகிறவர். வீட்டில் உள்ள ஒரே நல்ல போன் கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனிடம். குரூப்பில் இருப்பது அந்த நம்பர். போட்டி ஒரு நாள் முன்னுக்கு வந்துவிட்டது. இரவு 9.40க்கு, யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில், ஒரு கடிதத்தின் படம் விழுந்தது. கடிதம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தது, திகதி இருந்த மூலையில் பேனா நிழல். அண்ணன் கடை பூட்டிவிட்டு வந்து பார்க்கும்போது 11 மணி. அந்த நேரத்தில் லயத்தில் யாரைக் கூப்பிட? மறுநாள் மற்றப் பிள்ளைகள் வேனில் போனார்கள். அவள் அதற்கடுத்த நாள் வெள்ளைச் சீருடை மடிப்புக் கலையாமல் வந்து நின்றாள். அவளுக்குக் கிடைத்த பதில் உங்களுக்குத் தெரியும். குரூப்பில போட்டமே.

கேட்டால் "அவசரமாகத்தான் எங்களுக்கும் வந்தது" என்பார்கள். உண்மை. மேலிருந்து வரும் செய்திகளில் பாதிக்கு மேல் "மிக அவசரம்" என்றுதான் தொடங்கும். இரவு 9 மணிக்கு எக்செல் படிவம், காலை 8 மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குச் சப்பாத்து இல்லை, எத்தனை கதிரை உடைந்திருக்கிறது. இதே கணக்கைப் போன மாதமும் கொடுத்தோம், அதற்கு முந்தின மாதமும் கொடுத்தோம். எல்லாம் அவசரம் என்றால் எதுவுமே அவசரம் இல்லை என்றாகிவிடும். ஓநாய் கதையைத் தரம் 3க்குப் படிப்பிக்கிற எங்களுக்கே அதைச் செய்கிறார்கள். பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. எங்களுக்குச் சட்டம் வரும்போது வரட்டும். 7 மணிக்குப் பிறகு உயிர்ப் பிரச்சினை தவிர வேறு ஒன்றும் போடுவதில்லை என்று ஒரு பாடசாலை தானாகத் தீர்மானிக்க யாருடைய கையெழுத்து வேண்டும்?

அதே போல் வெள்ளிக்கிழமை 12.30க்கு சூம் கூட்டம். ஜும்ஆ நேரம் என்று இந்த நாட்டில் தெரியாத ஆள் உண்டா? நேரில் கூட்டம் என்றால் மண்டபத்தில் யார் இல்லை என்று கண்ணுக்குத் தெரியும், ஒருவராவது கேட்பார். திரையில் தெரியாது. போகாதவர் "ஒத்துழைப்பு இல்லாதவர்" என்று பெயர் வாங்குவார். தைப்பூசத்தன்று கூட்டம் வைத்தால் எங்கள் சகோதர ஆசிரியர்களுக்கும் இதே கதைதான்.

இனி மொழி. தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது, 1988இல் 16ஆவது திருத்தம் அதை இன்னும் விரித்தது. 2007 ஜூலை 1 முதல் அரச சேவையில் சேர்கிறவர் 5 வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றுநிருபமும் வந்தது. காகிதத்தில் குறை இல்லை. வட்ஸ்அப்பில் வருவது மட்டும் தனிச் சிங்களம். சபரகமுவவில் இருக்கிறோம், சிங்களம் எங்களுக்கு அந்நியம் அல்ல, சந்தையிலும் பஸ்ஸிலும் பேசுகிற மொழி. ஆனால் கடையில் பேசும் சிங்களம் வேறு, நிர்வாகச் சிங்களம் வேறு. ஒவ்வொரு தமிழ்மொழிப் பாடசாலையிலும் நன்றாகச் சிங்களம் தெரிந்த இரண்டு பேர், பெரும்பாலும் எங்கள் முஸ்லிம் ஆசிரியர்கள், சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்களாக இரவில் வேலை செய்கிறார்கள். வீட்டு வேலைக்கு நடுவில் வொய்ஸில் சொல்லும்போது தவறு வரத்தான் செய்யும். "25ட பெர" என்றால் 25க்கு முன். அதை "25 வரைக்கும்" என்று யாரோ சொல்ல, 25ஆம் திகதி படிவத்தோடு போய் நின்றவர் திரும்பி வருகிறார். ஒரு சொல்லில் ஒரு நாள் போகிறது, சில நேரம் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் போகிறது. மொழிபெயர்த்தவரைத் திட்டாதீர்கள். தமிழ்ப் பாடசாலைக்குத் தமிழில் அனுப்பாதவரைக் கேளுங்கள்.

விடுமுறைப் போஸ்டர் இன்னொரு வேதனை. இந்த நாட்டில் சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு தவணை அட்டவணை, முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டி இன்னொன்று. இது எல்லாருக்கும் தெரியும், போஸ்டர் தயாரிப்பவரைத் தவிர. "பாடசாலை விடுமுறை அறிவிப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டு, எந்தப் பாடசாலை என்பதை வெட்டிவிட்டு, பூப் படம் வைத்துப் பரப்புகிறார்கள். முஸ்லிம் பாடசாலையில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும், தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளும் எங்கள் பக்கம் நிறைய. அக்கா ஒரு பாடசாலை, தம்பி இன்னொன்று. ஒரு போஸ்டரை நம்பி இருவரும் வீட்டில் இருப்பார்கள், அல்லது இருவரும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்பார்கள்.

செய்தி என்றால் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத் தகுந்தவரா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தேடிப் பார்த்த மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாம். அறிவிப்பாளர் வரிசைக்காகவே ஒரு கலையை வளர்த்த சமூகம். அந்தச் சமூகத்தின் போனில், ஐந்து கை மாறி வந்த செய்திக்கு வட்ஸ்அப் தானாகவே இரட்டை அம்பு போட்டு "பலமுறை முன்னனுப்பப்பட்டது" என்று எச்சரித்தும், நாம் ஆறாவது கையாக அனுப்புகிறோம். 2018 திகன கலவரத்தின் போதும் 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் இந்தத் தளங்களை அரசாங்கம் முடக்கி வைத்த நாட்கள் ஞாபகம் இருக்கும். ஒரு பொய்யான முன்னனுப்பல் என்ன செய்யும் என்று மற்றவர்கள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது "ஓகே". கட்டைவிரல். கூப்பிய கை. இது சின்ன விடயம் போலத் தெரியும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் ஒரு விமான நிலையம். கடும் பனிமூட்டம், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கேஎல்எம் விமானத்திலிருந்து புறப்படுவது பற்றி ஏதோ தெளிவில்லாமல் சொன்னார்கள். கோபுரத்தில் இருந்தவர் முதலில் "ஓகே" என்றார். பிறகு, பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானத்திலிருந்தும் பேச, இரண்டு அலையும் மோதி இரைச்சலாகிவிட்டது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும்தான். 583 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் விமானப் போக்குவரத்தில் பேச்சு முறையே மாறியது. புறப்படு என்ற சொல்லை அந்த அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டுமே பாவிக்கலாம் என்று வைத்தார்கள். உத்தரவைக் கேட்டவர் வெறும் "சரி" சொல்லித் தப்ப முடியாது, முக்கியமான பகுதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது இறுகியது. உலகத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலே சேர்ந்து வேலை செய்கிறவர்களில் மிகப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அவர்களுக்கே "ஓகே" போதவில்லை. எங்கள் குரூப்பில் 34 கட்டைவிரல் விழுந்தால் 34 பேருக்கு விளங்கியது என்று எழுதி வைக்கிறோம்.

எழுத்தில் தொனி போகாது என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி என்ற அமெரிக்க உளவியலாளர்களும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். மின்னஞ்சலில் எழுதியதைக் கிண்டலா உண்மையா என்று வாசிப்பவர் எத்தனை முறை சரியாகப் பிடிப்பார் என்று எழுதியவர்களைக் கேட்டால், 78 வீதம் என்றார்கள். நடந்தது 56 வீதம். காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலே 50 வரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது, ஆசிரியர் ஒருவரை 60 பேர் முன்னால் பெயர் போட்டு "ஏன் இன்னும் அனுப்பவில்லை???" என்று மூன்று கேள்விக்குறி வைப்பதை நிறுத்தலாம். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று, பிள்ளையை வகுப்பின் முன்னால் அவமானப்படுத்தாதே என்பது. அந்தப் பாடம் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? ஒருமுறை பட்டவர் பிறகு குரூப்பில் வாய் திறக்கமாட்டார். விளங்காவிட்டாலும் கேட்கமாட்டார். அந்த மௌனத்தைத்தான் நாம் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாழ்த்து, மௌத் அறிவிப்பு பற்றிச் சொன்னால் சிலர் கோபப்படுவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மௌத் செய்தி வந்தால் 80 பேரும் ஒரே துஆவை வெட்டி ஒட்டுகிறார்கள். துஆ கேட்பது அல்லாஹ்விடம், குரூப்பிடம் அல்ல. அந்த 80க்கு மேலே கிடக்கிறது பரீட்சை விண்ணப்பத்தின் கடைசித் திகதி.

இவ்வளவும் ஒரு பக்கம். மழை இன்னொரு பக்கம். இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தோம்.

2016 மே 17 எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூறுக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயமே மண்ணுக்குள் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றது. மழை பிடித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் தெரணியகலை, யட்டியாந்தோட்டை, புலத்கொஹுபிட்டிய என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் வெளியேறு. இதுகூட எத்தனை வீட்டுக்குத் தெரியும்? நிறத்தைப் படத்தில் போட்டு அனுப்புகிறோம். பழைய போனில் படம் இறங்குவதற்குள் மழையே விட்டுவிடும்.

மழை நாளில் பாடசாலை இல்லை என்ற செய்தி காலை 6.40க்கு வருகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் எங்கே? மேல் டிவிசன் பிள்ளை 5.45க்கே லயத்தை விட்டு இறங்கியிருக்கும். ஓடையைக் கடந்திருக்கும். மண் மேட்டுக்குக் கீழே, ஹற்றன் வீதியில், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும். போன் வீட்டில். அம்மா அதற்கு முன்பே வேலைக்குப் போயிருப்பார். நகரத்தில் வீட்டு வாசலிலிருந்து வேன் ஏறும் பிள்ளைக்கு 6.40 போதும். அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் நேரம் தீர்மானிக்கப்படுகிறது. தீர்மானிப்பவரின் பிள்ளையும் வேனில்தானே போகிறது.

"அவர்களும் போன் வைத்திருக்கிறார்கள், டிக்டொக் பார்க்கத் தெரிகிறது, இதைப் பார்க்கத் தெரியாதா?" இது எங்கள் ஆசிரியர் அறைகளிலேயே கேட்கிற பேச்சு. வாய் கூசாமல் சொல்கிறார்கள். அந்த வீட்டில் ரீலோட் போடுவது சம்பளம் கிடைத்த கிழமை. மற்றக் கிழமைகளில் யாராவது ஹொட்ஸ்பொட் கொடுத்தால் உண்டு. டிக்டொக்கில் வருவது பேச்சும் படமும். நாம் அனுப்புவது சாய்ந்த கடிதத்தின் படம், வேற்று மொழியில், இரவு 10 மணிக்கு. பார்க்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லும் முன், பார்த்தால் விளங்குகிற மாதிரி ஒன்றையாவது அனுப்பினோமா என்று அவர்கள் கேட்டால் அந்த ஆசிரியர் அறையில் யாரிடம் பதில் இருக்கிறது?

என்ன செய்யலாம் என்றும் சொல்கிறோம். காசு செலவில்லாத காரியங்கள்தான். அறிவிப்புக்கு ஒரு குரூப், பேச்சுக்கு ஒரு குரூப். அறிவிப்புக் குரூப்பில் அட்மின் மட்டும் போடும் வசதி 2018 முதலே வட்ஸ்அப்பில் இருக்கிறது, அதை அழுத்த ஒரு விரல் போதும். கடிதத்தின் படம் போடுவதென்றால் அதற்கு மேலே தமிழில் தட்டச்சு செய்து மூன்று வரி: யாருக்கு, என்ன, எத்தனையாம் திகதி எத்தனை மணிக்குள். "நாளை" என்று எழுத வேண்டாம், நாளை என்பது வாசிப்பவரின் நாளைக்கு மாறிவிடும். திகதியும் கிழமையும் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதையே ஒரு நிமிடத்துக்குள் வொய்ஸ். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். ஏழு நிமிட வொய்ஸில் ஐந்து நிமிடம் முன்னுரை, விடயம் கடைசியில். யார் கடைசி வரை கேட்பார்? பதிலாகக் கட்டைவிரல் ஏற்கப்படாது, திகதியைத் திருப்பி எழுத வேண்டும். எழுதாதவருக்கு ஓர் அழைப்பு. ஒரு வகுப்பில் 30 பிள்ளை என்றால் எழுதாமல் விடுபவர் ஆறு ஏழு பேர்தான் இருப்பார்கள். ஆறு அழைப்புக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தை ஆசிரியர் தன் சொந்த ரீலோட்டிலிருந்து கொடுக்கத் தேவையில்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுக்கட்டும்.

மழை நாளுக்கு வட்ஸ்அப் மட்டும் போதாது. முடிவு முதல் நாள் பின்னேரமே எடுக்கப்பட வேண்டும். இரவில் நிலைமை மாறினால் விடிய 5 மணிக்கு முன். சந்தேகம் என்றால் மூடுங்கள், போன பாடத்தைச் சனிக்கிழமை படிப்பிக்கலாம். சுபஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலில் ஆள் இருக்கிறார், ஒலிபெருக்கியும் இருக்கிறது. கோவிலிலும் இருக்கிறது. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூடுகிறது. கிராம உத்தியோகத்தர், பள்ளி நிர்வாகம், கோவில் தலைவர், தோட்டத் தலைவர்மார், இந்த நாலு பேரின் நம்பரும் அதிபரின் போனில் இருந்தால் போதும், சிக்னல் இல்லாத லயத்துக்கும் ஒரு மணித்தியாலத்தில் செய்தி போகும். டித்வா மாதிரி ஒன்று வந்து மின்சாரமும் கோபுரமும் சேர்ந்து போனால் மிஞ்சுவது மனிதக் குரல் மட்டும்தான்.

பெற்றோருக்கு ஒரு வேலை தருகிறோம். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு காகிதத்தில் மூன்று விடயம் எழுதிக் கொண்டு வாருங்கள்: குரூப்பில் இருக்கும் நம்பர் யாருடையது, அவர் பகலில் எந்த ஊரில் இருப்பார், போன் இல்லாத நேரம் உங்கள் லயத்தில் அல்லது தெருவில் யாரிடம் சொன்னால் உங்கள் காதுக்கு வரும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு, அதை வாங்கி எங்கே வைக்கிறார் என்றும் பாருங்கள். மேசை லாச்சிக்குள் போனால் அங்கேயே கேளுங்கள். அது வகுப்பறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டப்பட வேண்டிய காகிதம்.